முப்பதாவது அலைக்குப் பிறகு

பிப்ரவரி 5, திங்கள்

ஆய்வேட்டைக் கொடுக்க இன்னும் நூற்று நாற்பத்தைந்து நாள் இருக்கிறது. கடைசித் தேதி ஜூன் 30. இன்று துறைக் கூட்டத்தில் கல்லூரி முதல்வர் எல்லோர் முன்னிலையிலும் சொல்லிவிட்டார்: ஜூலையில் புதிய பணியாளர் பட்டியல் போடுவார்கள், ஆய்வேடு சமர்ப்பித்த சான்று இல்லாதவர்கள் அதில் இருக்கமாட்டார்கள். இயற்பியல் துறையில் அப்படி இருப்பது நான் ஒருத்திதான். பதினோரு வருடமாக இங்கே பாடம் எடுக்கிறேன். எட்டு வருடமாகப் பகுதிநேர ஆய்வு.

எனக்கு நாட்குறிப்பு எழுதிப் பழக்கமில்லை. ஆய்வு நோட்டில் எண்களைத் தவிர வேறெதுவும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். மற்றவற்றுக்கு இது.

என் வேலை இதுதான். ஒரு நியூட்ரான் காரீயத்தின் அணுக்கருவை நோக்கி வருகிறது, மோதிச் சிதறுகிறது. எந்தக் கோணத்தில் எவ்வளவு சிதறும் என்று கணக்கிட வேண்டும். முழுக் கணக்குப் போடலாம். நியூட்ரான் கருவின் நடுவில் மோதலாம், ஓரத்தில் உரசலாம், சற்று விலகியும் போகலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பகுதி அலை உண்டு. சுழியாவது அலை நடுவில் மோதுவது. எண் கூடக் கூட விலகல் கூடும். எல்லா அலைகளையும் தனித்தனியாகக் கணக்கிட்டுக் கூட்டினால் முழுக் கணக்கு. அது நீளமானது. அதனால் குறுக்குவழிகள் வைத்திருக்கிறார்கள். நியூட்ரான் கொஞ்சமும் வளையாமல் நேர்கோட்டில் போகிறது என்று வைத்துக்கொள்வது அதில் ஒன்று. அந்த நேர்கோட்டு முறையை எந்த ஆற்றல் வரை நம்பலாம் என்று முழுக் கணக்கோடு ஒப்பிட்டுப் பார்ப்பதுதான் என் ஆய்வேடு.

160 மில்லியன் எலக்ட்ரான்வோல்ட் வரை நம்பலாம்; இனி அலகை எழுதப்போவதில்லை. அதற்கு மேல் முறை மோசமாகிறது. 200-இல் பதினோரு சதவீதம் பிசகு. 240-இல் பத்தொன்பது. இதை நானும் என் வழிகாட்டி நாகலிங்கம் சாரும் கட்டுரையாக வெளியிட்டோம். ஆற்றல் கூடினால் நேர்கோடு இன்னும் நன்றாகப் பொருந்தவேண்டுமே என்று கேட்பவர்களுக்கு அதில் காரணமும் எழுதியிருக்கிறேன். கருவின் விளிம்பில் ஏற்படும் ஒரு விலகல். 'விளிம்பு விலகல்' என்று பெயர் வைத்தது சார். காரணம் என்னுடையது.

முழுக் கணக்கைச் சோதித்தும் பார்த்திருக்கிறேன். அலைகளின் எண்ணிக்கையை 40, 50, 60 என்று மாற்றி ஓட்டினேன். விடை எட்டாவது தசமம் வரை அசையவில்லை. அதையும் ஐந்தாம் அத்தியாயத்தில் போட்டிருக்கிறேன்.

பிப்ரவரி 8, வியாழன்

சாரைப் பார்த்தேன். அத்தியாயம் ஐந்தைப் படித்துவிட்டார்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. ஒரு படம் கொறையுது கேட்டியளா. இருநூத்தி நாப்பதுல எந்த அலை எவ்வளவு குடுக்குன்னு ஒரு படம் போட்டுருங்க. பாக்கவன் கண்ணுக்கு நெறவா இருக்கும்."

"சரி சார்."

"அம்பாசடர் ஓடுதா?"

அவர் அம்பாசடர் என்பது முழுக் கணக்குப் போடும் நிரலை. அவர் இளைஞராக இருந்தபோது எழுதியது. அதை ஓட்டித்தான் ஏழு பேர் பட்டம் வாங்கியிருக்கிறார்கள். நான் எட்டாவது.

பிப்ரவரி 10, சனி

அலைப் பட்டியலை அச்செடுத்தேன். 60 என்று கொடுத்தால் சுழியையும் சேர்த்து அறுபத்தொரு வரி வரவேண்டும். முப்பத்தொரு வரிதான் வந்தது. கடைசி வரி முப்பதாவது அலை. அதன் மதிப்பு 0.31. விலகிப் போகும் அலைகளின் மதிப்பு மெல்லக் குறைந்து சுழியில் முடியவேண்டும். இது நடுவழியிலேயே நிற்கிறது.

பிரின்டரில் காகிதம் மாட்டியிருக்கும்.

பிப்ரவரி 11, ஞாயிறு

ஆராதனை முடிந்து வரும்போது நெத்திலி வாங்கினோம். புதன்கிழமை தவக்காலம் தொடங்குகிறது. அப்புறம் நாற்பது நாளைக்கு வீட்டில் மீன் இல்லை. என் கணவர் செல்வின் இரண்டு தடவை சோறு போட்டுக்கொண்டார். மதியம் மேல்தொட்டியைக் கழுவினோம். பட்டியலைப் பற்றி யோசிக்கவில்லை.

பிப்ரவரி 13, செவ்வாய்

திரையிலும் முப்பத்தொரு வரிதான்.

பிப்ரவரி 14, புதன்

அலமாரியை ஒழுங்குபடுத்தினேன். வேறு எதையோ தேடும்போது மு. பூங்காவனத்தின் ஆய்வேடு கையில் வந்தது. அவர் தருமபுரிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் பாடம் எடுப்பவர். நேரில் பார்த்ததில்லை. போன வருடம் ஜனவரியில் அவருடைய ஆய்வேட்டுக்கு வெளித்தேர்வாளர் சார்தான். என்னிடம் எண்களைப் பார்க்கச் சொல்லிக் கொடுத்தார். அவரும் காரீயம், நேர்கோட்டு முறை. 160-க்கு மேல் முறை இன்னும் நன்றாகிறது என்று நான்காம் அத்தியாயத்தில் இருந்தது. எங்கள் கட்டுரைக்கு நேர் எதிர். நிரலைச் சரிபார்த்துத் திருத்தி, மறுபடி சமர்ப்பிக்கும்படி அறிக்கை போனது.

புத்தகத்தை அலமாரியில் திரும்ப வைக்கவில்லை. மேஜையில் இருக்கட்டும்.

பிப்ரவரி 19, திங்கள்

காலை நாலரை முதல் ஆறரை வரை நிரலை முழுவதும் காகிதத்தில் அச்செடுத்து வரிவரியாகப் படித்தேன். எட்டு வருடத்தில் இதுதான் முதல் தடவை. ஆயிரத்து நூற்றுச் சொச்சம் வரிகள். 388-ஆவது வரி: அலை எண்ணிக்கை முப்பதைத் தாண்டினால் முப்பது என்று எடுத்துக்கொள்.

அவ்வளவுதான். எச்சரிக்கை எதுவும் வராது. 60 என்று கொடுத்தால் விடைத்தாளின் தலைப்பில் 60 என்றே அச்சாகும். உள்ளே முப்பதோடு நிறுத்திவிடும்.

40, 50, 60 மூன்றுக்கும் விடை ஏன் எட்டாவது தசமம் வரை அசையவில்லை என்பது தெரிந்துவிட்டது. மூன்றும் ஒரே கணக்கு.

இட்லி மாவு பொங்கி வழிந்திருந்தது. துடைத்தேன்.

பிப்ரவரி 20, செவ்வாய்

அந்த வரியை எடுத்துவிட்டு ஓட்டினேன். முழுக் கணக்குக்கும் நேர்கோட்டு முறைக்கும் உள்ள பிசகு:

160-இல் 3.1 சதவீதம். 200-இல் 2.4. 240-இல் 1.9.

ஆற்றல் கூடக்கூட முறை நன்றாகிறது. விளிம்பு விலகல் என்று ஒன்று இல்லை. குறுக்குவழி சரியாகத்தான் இருந்தது. அளவுகோலைத்தான் பாதியில் ஒடித்து வைத்திருந்தோம்.

பிப்ரவரி 21, புதன்

பூங்காவனத்தின் நான்காம் அத்தியாயம், பக்கம் 97, அட்டவணை 4.3: 160-இல் 3.1. 200-இல் 2.4. 240-இல் 1.9.

மார்ச் 4, ஞாயிறு

இரண்டாம் பருவ உள்மதிப்பீடு, ஆய்வகப் பதிவேடு என்று நாள் போய்விட்டது. சாரைப் பார்க்க நேரம் அமையவில்லை.

செல்வின் கேட்டார். "ஏ எப்சி, ரெண்டு வாரமா தோசை ஒரு பக்கம் கரியுது, ஒரு பக்கம் வேகல. யாருக்கும் சொகமில்லையா?"

"ஒண்ணுமில்ல. அடுப்பு சரியில்ல."

"அடுப்ப நேத்துதான் ரிப்பேர்காரன் பாத்துட்டுப் போனான். நீதான அவனுக்குக் காப்பி குடுத்த?"

அவர் உயர்நிலைப் பள்ளியில் உடற்பயிற்சி ஆசிரியர். மூச்சு வாங்குவதை வைத்தே எந்தப் பையன் வயிற்றுவலி என்று பொய் சொல்கிறான் என்று கண்டுபிடித்துவிடுவார். மேற்கொண்டு கேட்கவில்லை.

மார்ச் 9, வெள்ளி

சாரிடம் சொல்லிவிட்டேன். பட்டியலையும் 388-ஆவது வரியையும் புதிய அட்டவணையையும் மேஜையில் வைத்தேன். கண்ணாடியை மாற்றிக்கொண்டு பார்த்தார். முதலில் சிரித்தார்.

"முப்பதுன்னு நாந்தான் போட்டேன். எண்பத்தொம்பதுல. கம்ப்யூட்டர்ல மெமரி கெடையாது. அப்ப நான் பாத்தது கால்சியம், ஆற்றலும் அறுபதுக்குள்ள. பதினஞ்சு அலையே தாராளம். நீங்க காரீயத்தத் தூக்கி இருநூத்தி நாப்பதுல கொண்டு போவியன்னு எனக்கென்ன தெரியும்?"

"மத்த ஏழு பேரு?"

"அவிய எல்லாம் சின்னக் கரு, கொறஞ்ச ஆற்றல். போய்ப் பாத்துக்கிடுங்க."

(பார்த்தேன். உண்மைதான். ஏழு பேருக்கும் முப்பது போதும்.)

பிறகு பட்டியலை மடித்து வைத்தார். "அந்த தருமபுரிப் பிள்ள என்ன எழுதியிருந்தா?"

"இதேதான் சார். தசமம் கூட மாறல."

"ரிப்போர்ட்ட யாரு எழுதினது?"

"நான்."

"கையெழுத்து?"

"நீங்க போட்டது சார்."

எழுந்துபோய் மின்விசிறியின் வேகத்தைக் கூட்டினார். இங்கே எழுதிவிடுகிறேன்: சாருக்கு வரும் ஆய்வேடுகளுக்கு அறிக்கை எழுதுவது நான்தான். எனக்கு முன்னால் இருந்தவர்களும் அப்படித்தான். பல இடங்களில் இது வழக்கம். கேட்டால், பழக்கம் வரட்டும் என்பார்கள். அந்த அறிக்கையில் நான் எழுதியது: 'இவ்வளவு அடிப்படையான முரண்பாட்டைக் கவனிக்கத் தவறியிருப்பது வியப்பளிக்கிறது.' எழுதியபோது பிடித்திருந்த வாக்கியம் அது.

சார் சொன்ன வழி: ஐந்தாம் அத்தியாயத்தை 150-ஓடு முடித்துவிடுவது. அதுவரை முப்பது அலை போதும். எண்கள் எல்லாம் சரி. "நீங்க எழுதுற அம்புட்டும் உண்மையாத்தான் இருக்கும். ஜூன் முப்பதுக்குள்ள குடுத்துருங்க. கட்டுரை கெடக்கட்டும், யாரு படிக்கா? எனக்கும் பத்து மாசம்தான் இருக்கு எப்சிபா. ரிட்டயர் ஆயிட்டுப் போயிருதேன்."

"பூங்காவனம்?"

"திருத்திக் குடுப்பால்லா. வந்தா பாஸ் போட்ருவோம்."

மார்ச் 24, சனி

ஐந்தாம் அத்தியாயம் 150-இல் முடிகிறது. முப்பத்தாறு பக்கம் பத்தொன்பதானது. படித்தால் நன்றாகத்தான் இருக்கிறது. பொய் என்று எதையும் சுட்டமுடியாது.

மார்ச் 31, சனி

நேற்று பெரிய வெள்ளி. மூன்று மணிநேர ஆராதனை. இன்று பூங்காவனத்துக்குப் போன் செய்தேன். எண் ஆய்வேட்டின் முதல் பக்கத்தில் இருந்தது. திருத்தம் எவ்வளவில் இருக்கிறது என்று கேட்பதற்காக மட்டும்.

"மேடம்! நீங்களே கூப்புடுறீங்க! உங்க கட்டுரைய நான் மனப்பாடமா சொல்லுவங்க." பின்னால் குக்கர் விசில் அடித்தது. "ஒரு நிமிசம் மேடம், அடுப்ப அணைச்சிட்டு வரன்."

வந்தார். முடிந்துவிட்டது என்றார். புதன்கிழமை சமர்ப்பிக்கிறார்.

"இப்ப உங்க கோட்டோட அப்படியே ஒத்துப்போவுதுங்க."

"எப்படி ஒத்துப்போச்சு?"

"கருவு நியூட்ரான உறிஞ்சிக்கிற அளவு இருக்குதில்லைங்க, அத ஏத்துனன். நூத்தறுவதுக்கு மேல மட்டும். ஏத்த ஏத்த ஒங்க கோட்டு மேலயே வந்து உக்காந்துக்கிச்சு."

"ஏன் ஏத்தணும்னு கேட்டா?"

"அதுக்கு ஒரு பத்தி எழுதிட்டங்க. படிச்சா நம்பற மாதிரி இருக்கும்." சிரித்தார். "பதினாலு மாசம் தேடுனன் மேடம். எங்க தப்புன்னே தெரியல. கடைசியில இப்படி முடிச்சன். எங்க வீட்டுக்காரரு சொல்றாரு, இந்தத் தடவையாவது திரும்பி வராத மாதிரி ஆணி அடிச்சுக் குடுத்துடுன்னு."

வாழ்த்துகள் என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஏப்ரல் 1, ஞாயிறு

ஈஸ்டர். விடியற்காலை ஆராதனைக்குப் போய்வந்தோம். பிரியாணி. செல்வினின் தங்கை குடும்பம் வந்திருந்தது. பன்னிரண்டு பேருக்குச் சமையல்.

ஏப்ரல் 2, திங்கள்

வகுப்பு முடிந்ததும் ஆய்வகத்தை உள்ளே பூட்டிக்கொண்டு போன் செய்தேன்.

"பூங்காவனம், புதன்கிழமை கொடுக்காதீங்க. உங்க பழைய அத்தியாயம்தான் சரி. தப்பு எங்க நிரல்ல."

"வெளையாடாதீங்க மேடம்."

முப்பது அலை விஷயத்தைச் சொன்னேன். புதிய எண்களைப் படித்தேன். மறுமுனையில் பக்கம் புரட்டும் சத்தம் கேட்டது. அட்டவணை 4.3-ஐப் பார்த்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

"உங்க சாருக்குத் தெரியுங்களா?"

"தெரியும்."

"அப்ப நான் பழசையே குடுத்தா திருப்பி அனுப்ப மாட்டாரா?"

"மாட்டார். அது என்கிட்டதான் வரும்."

"உங்ககிட்ட ஏங்க வரணும்?"

சொன்னேன்.

"அப்ப போன வருசம் வந்த ரிப்போர்ட்டு?"

"நான் எழுதினது."

"வியப்பளிக்கிறதுன்னு..."

"ஆமா."

"நிரல அனுப்பச் சொல்லி ரெண்டு மெயில் போட்டன். வந்துச்சுங்களா?"

"வந்தது."

"படிச்சீங்களா?"

"படிச்சேன்."

போனை வைத்துவிட்டார். அந்த இரண்டு மின்னஞ்சல்களையும் பற்றி நான் இதுவரை இங்கே எழுதவில்லை. 'பிறகு பார்க்க' என்று ஒரு கோப்புறை வைத்திருக்கிறேன். அதில் இருக்கின்றன.

ஏப்ரல் 27, வெள்ளி

சார் ஒரு பார்சலைக் கையில் கொடுத்தார். "வந்துட்டு. பாத்துருங்க."

வீட்டுக்கு வந்து பிரித்து, மேஜையில் இருந்த பழைய பிரதியோடு நான்காம் அத்தியாயத்தைப் பக்கம் பக்கமாக ஒப்பிட்டேன். பழையதேதான். ஒரு எழுத்து மாறவில்லை. மறுபடி திருப்பி அனுப்பினால் அவருடைய பதிவு ரத்தாகிவிடும். என் பேச்சை நம்பி வைத்தாரா, தன் கணக்கை நம்பி வைத்தாரா தெரியாது. தன் கணக்கைத்தான் இருக்கும்.

மே 4, வெள்ளி

அறிக்கையைக் கொண்டுபோனேன். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று இரண்டு பக்கம். கடைசியில்: 'முந்தைய அறிக்கையில் சுட்டிய முரண்பாடு எங்கள் நிரலின் பிழையால் ஏற்பட்டது, ஆய்வாளரின் முதல் கணக்கே சரி.'

சார் வழக்கமாகக் கையெழுத்துப் போடவேண்டிய இடத்தை மட்டும்தான் பார்ப்பார். இன்று முழுவதும் படித்தார். கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு மேலே எழுதினார்: 'ஆய்வாளர் முன்னர் சுட்டிய குறைகளைத் திருத்தியுள்ளார்.'

"அவ எதையும் திருத்தலையே சார்."

"பாஸ் ஆயிருவால்லா. அதுக்கு மேல அவளுக்கு என்ன வேணும்?"

"அவ தப்பு பண்ணித் திருத்தின மாதிரில்லா ஆகும்."

"ஏம்மா, யாரும் இதைச் சட்டம் போட்டு மாட்டப்போறாவளா? ஃபைலுக்குள்ள போயிரும்."

புதிதாக ஒரு பிரதி எடுக்கச் சொன்னார். நான்தான் தட்டச்சு செய்தேன்.

மே 16, புதன்

விடைத்தாள் திருத்தும் மையம். காலை இருபது, மதியம் இருபது. வெயில். நுங்கு வாங்கிவந்தேன்.

ஜூன் 8, வெள்ளி

பூங்காவனம் போன் செய்தார். இரண்டு மாதத்தில் முதல் தடவை. வாய்மொழித் தேர்வு ஜூன் 19. அறிக்கையின் நகலைக் கொடுத்திருக்கிறார்கள்.

"குறைகளைத் திருத்தியுள்ளார்னு போட்டிருக்குதுங்க. ஒரு கமா கூட நான் திருத்தல."

"தெரியும்."

"எங்க சாரு, எங்க டிபார்ட்மென்ட்டு, எல்லாரும் என்ன சொல்றாங்க தெரியுங்களா? பரவால்ல, ஒரு வழியா தப்பக் கண்டுபுடிச்சிட்டன்னு. கை குடுக்கறாங்க மேடம்."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"வைவா பொதுவுல நடக்கறது. யாரு வேணா வரலாம், யாரு வேணா கேள்வி கேக்கலாம். நீங்க வாங்க. ரிப்போர்ட்டுல எழுதுனீங்க இல்ல, அந்தக் கேள்விய எந்திரிச்சு கேளுங்க. நான் பதில் சொல்லணும். எழுத்துல கேட்டீங்க, எனக்குப் பதில் சொல்ல எடமே இல்லாம போச்சு."

தேர்வை நடத்துவது சார்தான். வெளித்தேர்வாளராக மேடையில் இருப்பார். என் சமர்ப்பிப்புப் படிவத்தில் அவர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. 25-ஆம் தேதி போடுவதாகச் சொல்லியிருக்கிறார்.

"வருவீங்களா, மாட்டீங்களா? சொல்லிடுங்க. காத்துட்டு இருக்கறது எனக்குப் பழகிப்போச்சு, ஆனா புடிக்காது."

வருகிறேன் என்றேன்.

ஜூன் 19, செவ்வாய்

பூங்காவனத்தின் பல்கலைக்கழகம் இருக்கும் ஊருக்கு முந்தின நாளே வந்து ஒரு விடுதியில் தங்கினேன். பதினோரு மணிக்குக் கருத்தரங்க அறை. நாற்பது பேர் இருந்தார்கள்; பாதிப் பேர் பாலிடெக்னிக்கிலிருந்து பஸ் பிடித்து வந்தவர்கள். பூங்காவனம் உயரமாக இருந்தார். போனில் கேட்டதை வைத்துக் குள்ளமாக நினைத்திருந்தேன். பச்சைப் பட்டுப்புடவை. சார் என்னைப் பார்த்தார். நான் வருவதை அவரிடம் சொல்லவில்லை. "அட, நீங்களுமா" என்பதுபோல் தலையசைத்துவிட்டு மேடைக்குப் போனார்.

பூங்காவனம் நாற்பது நிமிடம் பேசினார். சார் மூன்று கேள்வி கேட்டார். மூன்றும் எளிது. பிறகு பூங்காவனத்தின் வழிகாட்டி மைக்கை எடுத்து, பார்வையாளர்களில் யாருக்காவது கேள்வி உண்டா என்றார். பெரியவர் ஒருவர் எழுந்து, இதனால் சமுதாயத்துக்கு என்ன பயன் என்று கேட்டார். எல்லா வாய்மொழித் தேர்வுகளிலும் இந்தக் கேள்வி வரும். அணு உலைச் சுவர் எவ்வளவு கனம் வேண்டும் என்று கணக்கிட உதவும் என்றார் பூங்காவனம். பெரியவர் திருப்தியாக உட்கார்ந்தார்.

நான் எழுந்தேன். பெயரும் ஊரும் சொன்னேன்.

"160-க்கு மேல நேர்கோட்டு முறை மோசமாகுதுன்னு வெளியான ஒரு கட்டுரை சொல்லுது. உங்க கணக்குல அது இன்னும் நல்லாகுது. இவ்வளவு அடிப்படையான முரண்பாடு வந்தபோது உங்க நிரலைச் சரிபார்த்தீங்களா?"

"சரிபார்த்தங்க. நாலு தடவை. வேற மொழியில திருப்பி எழுதிக்கூடப் பாத்தன்." ஒரு படத்தைத் திரையில் போட்டார். 240-இல் எந்த அலை எவ்வளவு தருகிறது என்ற படம். முப்பதைத் தாண்டியும் கோடு இறங்கிக்கொண்டே போய், நாற்பத்தைந்துக்குப் பக்கத்தில் சுழியைத் தொட்டது. "இந்த வால் பகுதிய விட்டுட்டா அந்தக் கட்டுரையில இருக்கற மாதிரி விடை வரும். அவங்க எத்தன அலை எடுத்தாங்கன்னு எனக்குத் தெரியாது. தெரிஞ்சவங்கதான் சொல்லணும்."

அவருடைய வழிகாட்டி வழக்கம்போல என்னைக் கேட்டார். "பதில் திருப்தியா மேடம்?"

"திருப்தி. அந்தக் கட்டுரை எங்களோடது. அறுபது அலைன்னு எழுதியிருக்கோம். முப்பதுதான் எடுத்திருக்கோம். அது எனக்குத் தெரியாம நடந்தது. நிரலை ஓட்டினது நான். இவங்க ஆய்வேட்டைத் திருப்பி அனுப்பின அறிக்கையை எழுதினதும் நான். இவங்க எதையும் திருத்தல. திருத்த அதுல எதுவும் இல்ல."

யாரோ பின்வரிசையில் நாற்காலியை இழுத்தார்கள். சார் மேஜை மேலிருந்த தண்ணீர் பாட்டிலைத் திறந்தார், குடிக்காமல் மூடினார். பிறகு மைக்கைத் தன் பக்கம் திருப்பி, "உக்காருங்க எப்சிபா" என்றார். பட்டத்துக்குப் பரிந்துரைக்கிறேன் என்று முடிவை வாசித்தார். எல்லோரும் கைதட்டினார்கள். சார் சாப்பாட்டுக்கு இருக்கவில்லை. ரயிலுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பினார். ரயில் ஐந்தரைக்கு.

பந்தியில் பூங்காவனம் என் இலைக்கு எதிரே வந்து நின்றார்.

"கேள்விய மனப்பாடம் பண்ணிட்டு வந்தீங்களா?"

"நான் எழுதினதுதானே."

"வியப்பளிக்கிறதுன்னு மட்டும் விட்டுட்டீங்க."

"ஆமா."

"பாயசம் வையுங்கண்ணா இவங்களுக்கு" என்று பரிமாறுபவரிடம் சொல்லிவிட்டு அடுத்த இலைக்குப் போனார்.

ஜூன் 25, திங்கள்

படிவத்தோடு சாரின் அறைக்குப் போனேன். உட்காரச் சொல்லவில்லை. பேனாவை எடுத்து நான்கு இடத்தில் கையெழுத்துப் போட்டார். நீட்டினார்.

"உங்களுக்கு நான் ஒண்ணும் கெடுதல் செய்யலயே?"

"இல்ல சார்."

"சபையில வச்சில்லா சொல்லிட்டிய. அறைக்குள்ள வச்சு இன்னொரு தடவை கேட்டிருந்தா..." முடிக்கவில்லை. கேட்டிருந்தால் என்ன செய்திருப்பார் என்று அவருக்கே தெரியவில்லை என்று நினைக்கிறேன்.

ஜூன் 28, வியாழன்

ஆய்வேடு ஐந்து பிரதி கட்டி வந்துவிட்டது. 150-இல் முடியும் ஆய்வேடு. இணைப்புகளை நகலெடுக்கக் கடைக்குப் போனேன். இணைப்பு 4: ஆய்வாளர் வெளியிட்ட இரண்டு கட்டுரைகளின் நகல். விதிப்படி இரண்டு வேண்டும், என்னிடம் இருப்பதே இரண்டுதான். இரண்டாவது, விளிம்பு விலகல்.

"எத்தன காப்பிக்கா?" என்றார் கடைக்காரர்.

ஆய்வேடு முழுவதும் உண்மை. பின்னால் இந்தக் கட்டுரையை, இது என் சாதனை என்று சான்றளித்து, கையெழுத்திட்டு வைக்கவேண்டும். வைக்காவிட்டால் வாங்கமாட்டார்கள். கொஞ்ச நேரம் நின்றேன். பின்னால் ஆதார் அட்டையோடு நான்கு பேர் நின்றார்கள்.

"எக்கா, எத்தன?"

அந்தக் கட்டுரை வேண்டாம் என்று சொல்லி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து செல்வினிடம் முழுவதும் சொன்னேன். பிப்ரவரியிலிருந்து. அவர் கேட்டார்: "வேலை?"

"ஜூலைப் பட்டியல்ல இருக்கமாட்டேன்."

"சரி" என்றார். கொஞ்சம் கழித்து, "நான் அடுப்புன்னே நெனச்சிட்டேன் பாத்துக்கோ" என்றார். அவர் அப்படி நினைக்கவில்லை.

மாலையில் பத்திரிகைக்குக் கடிதம் எழுதினேன். கட்டுரையைத் திரும்பப் பெறுவதாக மூன்று பத்தி. சாருக்கும் அனுப்பினேன், அவர் பெயரும் வேண்டும் என்பதால். ஒன்பதே காலுக்குப் பதில் வந்தது. 'என் பெயரையும் சேர்க்கவும்.' வேறு எதுவும் இல்லை.

ஜூன் 29, வெள்ளி

பல்கலைக்கழக ஆராய்ச்சிப் பிரிவு. கால நீட்டிப்பு விண்ணப்பம், ஒரு வருடத்துக்கு. ஐந்தாம் அத்தியாயத்தை 240 வரை புதிதாக எழுதவேண்டும். புதுக் கட்டுரை ஒன்று வேண்டும். அதில் முதல் மேற்கோள் யாருடையது என்று தெரியும்.

கவுன்டரில் இருந்த எழுத்தர் படிவத்தைப் புரட்டினார். "மேடம், நாளைக்குத்தான கடைசி. ஆய்வேடுதான் ரெடியா கட்டி கையில வச்சிருக்கியள்லா?"

"இது வேண்டாம்."

"தாமதத்துக்கான காரணம்னு ஒரு கட்டம் இருக்கு, ஒண்ணும் போடலயே. மருத்துவம், மகப்பேறு, பணிமாற்றம். இதுல ஒண்ணுக்கு டிக் அடிங்க."

"மூணும் இல்ல."

"எல்லாரும் மருத்துவம்தான் போடுவாவ மேடம். டாக்டர் சர்டிபிகேட் எதுத்தாப்புலயே வாங்கலாம்."

"கணக்குல பிழை இருந்துச்சு. அதான் காரணம்."

அவர் என்னைப் பார்த்தார், படிவத்தைப் பார்த்தார். உள்ளே இருந்த கண்காணிப்பாளரைத் திரும்பிப் பார்த்தார். அவர் போனில் இருந்தார்.

"அப்படி ஒரு கட்டம் இல்லையே."

"போட்டுக்கிடலாம்லா."

எழுத்தர் ஸ்கேலை எடுத்தார். பணிமாற்றத்துக்குக் கீழே நேராக ஒரு கோடு இழுத்து, சின்னதாக ஒரு கட்டம் வரைந்தார். பக்கத்தில் 'பிழை' என்று எழுதி, படிவத்தை என் பக்கம் திருப்பிவைத்தார்.

டிக் அடித்தேன்.